கம்ப்யூட்டர் அறையில் இணைப்பு அறுகிறது: குற்றவாளி யார்?

சர்க்கார் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை யாருடைய சொத்து? அது ஜனங்களின் சொத்து. மில் தொழிலாளியும் தோட்டக் கூலியும் தீப்பெட்டி முதல் வேட்டி வரை வாங்குகிற ஒவ்வொரு சாமானிலும் வரி கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் வாங்கியவைதான் அங்கே மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர்கள். ஆகவே அந்த அறையில் ஒரு கோளாறு என்றால், "அது வாத்தியார் பாடு, நமக்கென்ன தெரியும்?" என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

2018-ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்நாட்டில் 3,090 உயர்நிலைப் பள்ளிகளிலும் 2,939 மேல்நிலைப் பள்ளிகளிலும் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் என்ற பெயரில் கம்ப்யூட்டர் அறைகள் அமைக்கும் திட்டம் வந்தது. கூட்டினால் 6,029 பள்ளிகள். நல்ல காரியம். இதை நாம் குறை சொல்லவில்லை. கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே கிணத்துக்கடவு வட்டாரத்தில் தக்காளி பறிக்கிறவர், தேங்காய் உரிக்கிறவர், கயிறு திரிக்கிறவர், மில்லுக்கு ஷிப்டு போகிறவர் வீடுகளில் கம்ப்யூட்டர் ஏது? பிள்ளைக்கு வாரத்தில் கிடைக்கும் ஒன்றிரண்டு பீரியடுதான் கம்ப்யூட்டர். அந்த நாற்பது நிமிஷம் போனால் அந்த வாரமே போயிற்று.

அந்த நாற்பது நிமிஷத்தில் என்ன நடக்கிறது? பிள்ளை உட்காருகிறது. சர்வரில் தன் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறக்கிறது. போன வாரம் எழுதிய பைத்தான் பாடத்தை எடுத்து மேலே எழுதுகிறது. சேமிக்கப் போனால் சர்வரைக் காணவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வருகிறது. "சார், போயிருச்சுங்க" என்று ஒரு குரல். பக்கத்தில் இன்னொரு குரல். மணி அடித்துவிடுகிறது. எழுதியது போயிற்று. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற பிள்ளை ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுதிவிடும். கூலிக்காரர் பிள்ளை எங்கே போய் எழுதும்?

இதற்கு யாரைக் குற்றம் சொல்கிறார்கள்? பிள்ளை எதையோ அமுக்கிவிட்டது என்கிறார்கள். ஆசிரியருக்குத் தெரியவில்லை என்கிறார்கள். சர்க்கார் சாமான் என்றாலே இப்படித்தான் என்கிறார்கள். இந்த மூன்று பேச்சையும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். இணைப்பு அறுவதற்குக் காரணம் உண்டு. காரணத்தைக் கண்டுபிடிக்க முறை உண்டு. அந்த முறை மில்லிலும் தோட்டத்திலும் வேலை செய்கிற நமக்குப் புதிதல்ல.

சர்வர் என்பது என்ன?

பெரிய மாயம் ஒன்றும் இல்லை. கிணறும் வாய்க்காலும்தான். சர்வர் என்ற கம்ப்யூட்டர் கிணறு. எல்லாப் பிள்ளைகளின் பாடமும் அதில் இருக்கிறது. ஸ்விட்ச் என்ற சிறு பெட்டி தொட்டி. அங்கிருந்து ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு கேபிள் போகிறது. அவை வாய்க்கால்கள். பிள்ளையின் கம்ப்யூட்டர் பாத்தி. எந்தப் பாத்தியில் உட்கார்ந்தாலும் தன் பாடத்தை எடுக்கலாம் என்பதுதான் இதன் சௌகரியம்.

பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தண்ணீர் கட்டுகிறவர் என்ன செய்வார்? பாத்தியைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டார். மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிரம்புகிறதா, மடை திறந்திருக்கிறதா, நடுவில் எங்கேயாவது உடைப்பா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார். கம்ப்யூட்டர் அறையிலும் இதே வரிசைதான்.

முதல் கேள்வி: ஒருவருக்கா, எல்லோருக்குமா?

ரிங் பிரேமில் ஒரு கதிரில் மட்டும் இழை அறுந்துகொண்டே இருந்தால் சைடர் அந்தக் கதிரைப் பார்ப்பார். பிரேம் முழுவதும் அறுந்தால் பஞ்சையோ, காற்றின் ஈரத்தையோ, மெஷினின் வேகத்தையோ சந்தேகப்படுவார். யாரும் அவருக்கு இதைப் படித்துச் சொல்லவில்லை. வேலை கற்றுக்கொடுத்தது.

அதே கேள்வியைக் கம்ப்யூட்டர் அறையில் கேட்க வேண்டும். ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் அறுகிறதா? அப்படியானால் அதன் கேபிளையும் அந்தக் கம்ப்யூட்டரையும் பார். எல்லோருக்கும் ஒரே நொடியில் அறுகிறதா? சர்வரையும் ஸ்விட்சையும் மின்சாரத்தையும் பார். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர் என்று மாறி மாறி அறுகிறதா? அப்படியானால் கம்பியில் குற்றம் இருக்காது. கணக்கில் ஏதோ குற்றம் இருக்கிறது. இந்த மூன்றாவது வகையைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

இரண்டாவது கேள்வி: எப்போது? காலையிலா, மதியத்திலா, மழை நாளிலா, எல்லோரும் ஒன்றாக ஃபைல் திறக்கும்போதா? இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மணி, கம்ப்யூட்டர் நம்பர், திரையில் வந்த வாசகம். இந்த நான்கையும் இரண்டு வாரம் எழுதினால் குற்றவாளி பாதி அகப்பட்டுவிடுவான். மூன்றாவது விதி: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கேபிளையும் மாற்றி, செட்டிங்கையும் மாற்றி, சர்வரையும் அணைத்துப் போட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி அதே தொல்லை.

இன்னொரு சோதனை பிங் என்ற கட்டளை. சர்வரின் நம்பரைக் கொடுத்துக் கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார்ப்பது. பதில் விட்டுவிட்டு வந்தாலோ வராமலே போனாலோ வாய்க்காலில் உடைப்பு. பதில் ஒழுங்காக வந்தும் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் வாய்க்கால் சரி, கிணற்றடியில்தான் தகராறு. நம்பரைக் கொடுத்தால் திறக்கிறது, பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை என்றால், பெயரைக் கேட்டு நம்பர் சொல்லும் ஏற்பாட்டில் பிசகு. ஒரு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் சர்வரைக் கழற்றி டவுனுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு!

மின்சாரம் செய்யும் வேலை

நமது வட்டாரத்தில் ஒரு பள்ளியில் மதியம் ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் இணைப்பு போய்விடும் என்று பெற்றோர்கள் நம்மிடம் சொன்னார்கள். தலைமையாசிரியர் அனுமதியோடு, மில்லில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஒரு தோழரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். சர்வர் யுபிஎஸ்ஸில் இருந்தது. பிள்ளைகளின் கம்ப்யூட்டர்களும் யுபிஎஸ்ஸில் இருந்தன. நடுவில் இருந்த ஸ்விட்ச் மட்டும் சுவரில் உள்ள சாதாரண பிளக்கில் சொருகப்பட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் மோட்டார்கள் கிளம்பும்போது மின்சாரம் ஒரு கண் சிமிட்டும். கம்ப்யூட்டர்கள் எதுவும் அணையவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. ஆனால் ஸ்விட்ச் செத்துப் பிழைத்தது. அது மறுபடி எழுந்து நிற்பதற்குள் அத்தனை பேருடைய இணைப்பும் அறுந்தது. பிளக்கை மாற்றியதும் அந்தத் தொல்லை நின்றது. செலவு ஒரு காசும் இல்லை.

எத்தனை மாதமாக அது அப்படி இருந்தது என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. நோட்டு இல்லை.

யுபிஎஸ் பேட்டரிக்கும் ஆயுசு உண்டு. ஈய பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம் ஓடும். வெக்கையான அறையில் அதுவும் ஓடாது. 2019-இல் வைத்த பேட்டரியை 2025-இலும் அப்படியே விட்டிருந்தால், யுபிஎஸ் என்று பெயருக்கு ஒரு பெட்டி நிற்கிறதே தவிர, கரண்ட் போனதும் சர்வர் பொத்தென்று அணையும். அப்படி அடிக்கடி அணைந்தால் இணைப்பு போவதோடு நிற்காது. தட்டில் உள்ள பாடங்களும் கெட்டுப்போகும். எர்த் சரியாக இல்லாத கட்டடத்தில் இடி மின்னல் காலத்தில் ஸ்விட்சின் துளைகள் ஒவ்வொன்றாகச் சாகும்.

முறுக்கு அவிழ்ந்தால் நூல் நிற்குமா?

கேபிளைப் பற்றி மில் தொழிலாளிக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் முறுக்கப்பட்டிருக்கும். ஏன் முறுக்குகிறார்கள்? பக்கத்துக் கம்பியிலிருந்தும் ட்யூப்லைட், ஃபேன், மெயின் லைனிலிருந்தும் வரும் இடைஞ்சல் ஜோடியின் இரு கம்பிகள் மேலும் சமமாக விழுந்து கழிந்துபோவதற்காக. முறுக்குப் போனால் நூலுக்கு வலு இல்லை. கேபிளுக்கும் அதே கதி.

முனையில் மாட்டும் பிளக்கில் இந்த எட்டுக் கம்பிகளுக்கும் நிற வரிசை உண்டு. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இதில் 3-ஆம் இடமும் 6-ஆம் இடமும் ஒரே ஜோடி என்பதைக் கவனியுங்கள். அவசரத்தில் காண்டிராக்டர் ஆள், ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கி இரு முனையிலும் ஒரே மாதிரி மாட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும்? விளக்கு எரியும் சோதனைப் பெட்டியில் எட்டு விளக்கும் சரியாக எரியும். "எல்லாம் ஓகே" என்று கையெழுத்து வாங்கிவிடுவார். ஆனால் சேர்ந்து ஓட வேண்டிய இரண்டு கம்பிகள் வேறு வேறு முறுக்கில் ஓடுகின்றன. ஒரு பிள்ளை மட்டும் வேலை செய்தால் பிழைத்துக்கொள்ளும். வகுப்பு முழுவதும் ஒன்றாக ஃபைல் திறந்தால் தடுமாறும், அறும். சோதனையில் பாஸ், வேலையில் ஃபெயில்! அளக்கிற ஆள் அளக்க வேண்டியதை அளக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னும் சில. ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கரண்ட் லைனோடு ஒட்டி ஓடக் கூடாது. நாற்காலிக் காலில் நசுங்கிய கேபிளையும் எலி கடித்த கேபிளையும் டேப் சுற்றி வைக்காமல் மாற்ற வேண்டும். ஒரு கேபிளின் இரண்டு முனையையும் தெரியாமல் ஒரே ஸ்விட்சில் சொருகிவிட்டால், சாதாரண ஸ்விட்ச் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு சுற்றும், அறை முழுவதும் ஸ்தம்பிக்கும். அறையைப் பெருக்கிச் சுத்தம் செய்த மறுநாள் எல்லாம் நின்றுபோனால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரே நம்பர், இரண்டு பேர்

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. அதை ஐபி என்கிறார்கள். ரேஷன் கார்டு நம்பர் போல. இரண்டு குடும்பத்துக்கு ஒரே நம்பர் கொடுத்தால் கடையில் என்ன ரகளை நடக்கும்? அதே ரகளைதான் இங்கேயும். பழுது பார்க்க வந்தவர் ஒரு கம்ப்யூட்டருக்குக் கையால் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போயிருப்பார். தானாக நம்பர் கொடுக்கும் பெட்டி அதே நம்பரை இன்னொன்றுக்குக் கொடுக்கும். அடையாளம் என்ன? ஒன்றை ஓடவிட்டால் மற்றொன்று அறும். இதை அணைத்தால் அது பிழைக்கும். அப்படிக் கண்டால் நம்பர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு கம்ப்யூட்டர் மேலும் ஒட்டி வைக்க வேண்டும்.

மிச்சப்படுத்தும் வித்தையும் ஒன்று உண்டு. மின்சாரம் சேமிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் தன் நெட்வொர்க் கார்டைத் தூங்க வைத்துவிடும். சாதாரண கம்ப்யூட்டரையே சர்வராக வைத்திருந்தால் அதுவே அரை மணிக்கொரு தரம் தூங்கப் போய்விடும். காவல்காரன் தூங்கினால் கதவை யார் திறப்பது? அந்தச் செட்டிங்கை நிறுத்த வேண்டும்.

இருபத்தொன்றாவது பிள்ளை

இப்போது முன்பு சொன்ன மூன்றாவது வகைக்கு வருவோம். கம்பி சரி. கரண்ட் சரி. நம்பர் சரி. ஆனாலும் இன்று ஒரு பிள்ளைக்கு, நாளை வேறு பிள்ளைக்கு அறுகிறது. ஏன்?

அசல் சர்வர் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புகார் எழுதி மாதங்கள் ஆகிவிட்டன. ஆசிரியர் என்ன செய்வார்? விண்டோஸ் உள்ள ஒரு சாதாரண கம்ப்யூட்டரை சர்வராக்கி வகுப்பை நடத்துவார். அறையில் பிள்ளைகளுக்கு 20 கம்ப்யூட்டர், ஆசிரியருக்கு ஒன்று. ஆக 21. சாதாரண விண்டோஸ் 7, 10, 11 ஆகியவற்றில் ஒரே சமயத்தில் 20 பேருக்கு மேல் வந்து சேரக் கூடாது என்று கம்பெனி வரம்பு வைத்திருக்கிறது. பழைய எக்ஸ்பியின் புரொஃபஷனல் பதிப்பில் அது 10. கடைசியில் வருகிறவருக்கு, இதற்கு மேல் இணைப்புக் கொடுக்க முடியாது என்ற வாசகம் வரும்.

இதோடு இன்னொரு விதியும் சேர்கிறது. 15 நிமிஷம் சும்மா இருக்கும் இணைப்பை விண்டோஸ் தானாகவே வெட்டிவிடும். சாதாரணமாக இதனால் மோசமில்லை, மறுபடி தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 21 பேர் இருக்கும் அறையில் நடப்பதைப் பாருங்கள். ஒரு பிள்ளை பாடத்தைத் திறந்து, தலை நிமிராமல் கால் மணிக்கு மேல் எழுதிக்கொண்டிருக்கிறது. சர்வரைத் தொடவில்லை. விண்டோஸ் அதன் இணைப்பை வெட்டுகிறது. வாசலில் நின்ற இருபத்தொன்றாவது பிள்ளை உள்ளே நுழைகிறது. முதல் பிள்ளை எழுதி முடித்துச் சேமிக்கப் போனால் இடமில்லை! எந்தப் பிள்ளை சிரத்தையாக எழுதியதோ அதற்கே தண்டனை. பெற்றோர் கேட்டால், "அவன் என்னவோ பண்ணிவிட்டான்" என்று பதில்.

இந்த வரம்பு யந்திரத்தின் பலவீனம் அல்ல. அதே யந்திரம் 50 பேருக்கும் சேவை செய்யும். அதிகம் பேர் வேண்டுமானால் சர்வருக்கென்று உள்ள விலை கூடிய விண்டோஸை வாங்கு, அதற்கு மேல் வந்து சேருகிற ஆளுக்கோ யந்திரத்துக்கோ தனியாக லைசென்ஸ் வாங்கு என்பதுதான் கம்பெனியின் ஏற்பாடு. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் 20 குடத்துக்கு மேல் இறைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

பூட்டைத் திறந்த கதை

இந்தப் பூட்டு இல்லாத வழி இருக்கிறதா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல் என்பவர் 1992 வாக்கில் ஒரு காரியம் செய்தார். ஃபைல் பகிர்வதற்காகக் கம்ப்யூட்டர்கள் கம்பி வழியே பேசிக்கொள்ளும் பேச்சை உற்றுக் கேட்டு, அதே பேச்சைப் பேசும் ஒரு புரோகிராமை எழுதினார். அதன் பெயர் சாம்பா. லினக்ஸ் கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அதை ஒரு விண்டோஸ் சர்வர் என்றே எண்ணிப் பேசும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆளுக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் வரம்பு கிடையாது.

அந்தப் பேச்சின் இலக்கணத்தை மைக்ரோசாஃப்ட் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பியக் கமிஷன் அந்தக் கம்பெனிக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மற்றவர்கள் செய்யும் சர்வர்களும் விண்டோஸோடு பேசுவதற்கு வேண்டிய தகவல்களைக் கொடுக்கச் சொன்னது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2007 செப்டம்பரில் கோர்ட்டு கமிஷனின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் சாம்பா எழுதுகிறவர்களுக்கு 10,000 யூரோ கட்டணத்தில் அந்த இலக்கணம் கிடைத்தது. பல வருஷ வழக்கு நடத்தித்தான் ஒரு கம்பெனியின் வாயைத் திறக்க முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

நம் நாட்டிலும் வசதி உண்டு. மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற லினக்ஸை வெளியிட்டிருக்கிறது. நம் மாநிலத்துப் பள்ளிகளுக்கு அது புதிதல்ல. ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும் சாம்பாவும் போட்டால் இருபத்தொன்றாவது பிள்ளை வாசலில் நிற்க வேண்டியதில்லை.

பழைய கதவைத் திறக்காதீர்கள்

ஒரு எச்சரிக்கை. இணைப்பு அறுவது வேறு, முதலிலேயே சேராமல் இருப்பது வேறு. புதிதாக வந்த கம்ப்யூட்டர் பழைய சர்வரோடு சேரவே மாட்டேன் என்கிறதா? காரணம் இதுவாக இருக்கலாம். ஃபைல் பகிரும் பேச்சின் முதல் வகை மிகப் பழையது, ஓட்டை உள்ளது. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற வைரஸ் அந்த ஓட்டை வழியாகத்தான் உலகமெங்கும் பரவியது. இங்கிலாந்தின் பொது ஆஸ்பத்திரிகளே நிலைகுலைந்தன. அதற்கான மருந்து அந்த வருஷம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் அகப்பட்டார்கள். 2017 கடைசியிலிருந்து புது விண்டோஸ் அந்தப் பழைய பேச்சை வைத்துக்கொண்டு வருவதில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, கையொப்பமில்லாத இணைப்பையும் பெயர் சொல்லாமல் உள்ளே வரும் விருந்தாளிக் கணக்கையும் ஏற்பதில்லை.

பழுது பார்க்க வருகிறவர் அவசரத்தில் பழைய பேச்சைத் திறந்துவிட்டு, பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, "சரியாயிற்று" என்று போய்விடுவார். இது களஞ்சியக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, இனிமேல் சாவி தொலையாது என்பதைப் போன்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு கொடுப்பதுதான் சரியான வழி. ஒரு நாள் வேலை, செய்யத்தான் வேண்டும்.

விண்டோஸ் 10-க்குக் கம்பெனி இலவசமாகக் கொடுத்து வந்த பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடப் புதிய சில்லு வேண்டும் என்று நிபந்தனை வைத்துவிட்டார்கள். அந்த நிபந்தனையில் தேறாத பழைய கம்ப்யூட்டர்களைக் குப்பையில் போடப் போகிறோமா, அல்லது லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டப் போகிறோமா? இதைக் கம்பெனி தீர்மானிக்கக் கூடாது. ஜனங்கள் தீர்மானிக்க வேண்டும்.

வாளையாறுக்கு அந்தப் பக்கம்

நமக்குப் பக்கத்து ஊரைப் பாருங்கள். வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது. 2017-இல் அது கைட் என்ற சர்க்கார் கம்பெனியாயிற்று. அங்கே சர்க்கார் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடுவது லினக்ஸ். 2018 ஜனவரியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் சங்கங்களையும் ஆரம்பித்தார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதில் சேர்ந்து, கம்ப்யூட்டரைப் பராமரிக்கவும் சின்னச் சின்னக் கோளாறுகளைத் தீர்க்கவும் பழகுகிறார்கள். மில் எலெக்ட்ரீஷியன் மகள் கேபிளுக்கு பிளக் மாட்டக் கற்றுக்கொண்டால் அதுவும் கல்விதான். கோளாறைக் கண்டு பயப்படாத பிள்ளை, பரீட்சைத் தாளைக் கண்டும் பயப்படாது.

"சர்க்கார் வேலையை நாம் செய்வதா?"

தோழர்களில் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். சரியான கேள்வி. பிளக்கை மாற்றுவதும் நோட்டு எழுதுவதும் பெற்றோர் தலையில் விழுந்தால், நாளைக்கு, "ஊரார் பார்த்துக்கொள்கிறார்கள், ஆள் எதற்கு?" என்று சர்க்கார் கையை விரித்துவிடாதா?

விரித்துவிடும் என்ற பயம் நமக்கும் உண்டு. ஆகவே இரண்டையும் பிரித்துச் சொல்கிறோம். கோளாறைத் தெரிந்துகொள்வது நம் வேலை. தீர்ப்பதற்கு ஆள் வைப்பது சர்க்கார் வேலை. தெரிந்துகொள்ளாமல் போய்க் கேட்டால், "பார்க்கிறோம்" என்ற பதிலோடு திருப்பி அனுப்புவார்கள். "ஸ்விட்ச் யுபிஎஸ்ஸில் இல்லை, பேட்டரி ஆறு வருஷம் பழசு, 20 பேர் வரம்பில் முட்டுகிறது, இதோ நோட்டு" என்று போய்க் கேட்டால் அதிகாரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிவரும். கூலி உயர்வு கேட்கப் போகும்போது கணக்கோடு போகிறோமே, அதே போலத்தான்.

ஆசிரியரின் நிலைமையையும் பாருங்கள். 2019-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கம்ப்யூட்டர் ஆசிரியர் இடங்களுக்குத் தேர்வு நடத்த அறிவித்தது. 2,939 மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களின் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பாருங்கள். அந்த ஆசிரியரும் பாடம் நடத்த வந்தவர். கேபிள் மாட்ட வந்தவர் அல்ல. அவர் வகுப்பை நிறுத்திவிட்டு மேஜைக்கு அடியில் நுழைந்தால், நஷ்டம் நாற்பது பிள்ளைகளுக்கு. பராமரிப்பைக் காண்டிராக்டில் விட்டால், புகார் போன இடத்துக்கு ஆள் வர எத்தனை நாள் என்பதை காண்டிராக்ட் தாளில் எழுதியிருக்க வேண்டும். அதைப் பெற்றோர் யாரும் பார்த்ததில்லை.

பணம் இல்லை என்று மேலே இருக்கிறவர்கள் சொல்லலாம். பள்ளிகளுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25-ஆம் வருஷத்துக்கு உரிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது என்றும், தேசியக் கல்விக் கொள்கையையும் பி.எம். ஸ்ரீ திட்டத்தையும் ஏற்கவில்லை என்பதே காரணம் என்றும் மாநில சர்க்கார் 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. பெரியவர்கள் சண்டையில் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது. ஆனால் நாம் மேலே சொன்னவற்றில் எதற்குக் கோடிகள் வேண்டும்? ஒரு நோட்டு, பிளக் மாட்டும் கருவி, கொஞ்சம் கேபிள், ஒரு மாற்று ஸ்விட்ச், காலா காலத்தில் பேட்டரி. இவற்றுக்குப் பணம் இல்லை என்று எந்த சர்க்காரும் சொல்லத் துணியாது.

நாம் கேட்பது இவைதான்.

ஒன்று: ஒவ்வொரு கம்ப்யூட்டர் அறையிலும் கோளாறு நோட்டு வைக்க வேண்டும். மாதம் ஒரு தரம் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் அதைப் படிக்க வேண்டும். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குக் கூலி போகிறதே என்று பார்க்காமல் நம் பெண்கள் போக வேண்டும், வாய் திறந்து கேட்க வேண்டும்.

இரண்டு: பராமரிப்பு காண்டிராக்டின் நிபந்தனைகளை, புகார் கொடுத்தால் எத்தனை நாளில் ஆள் வர வேண்டும் என்பதை, பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்ட மறுத்தால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

மூன்று: சில பள்ளிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் சம்பளமும் நிரந்தரமும் உள்ள தொழில்நுட்ப ஊழியரைக் கல்வித் துறை தானே நியமிக்க வேண்டும்.

நான்கு: பேட்டரி, ஸ்விட்ச், கேபிள் ஆகியவற்றுக்கு மாற்றும் காலத்தைக் குறித்து, அதற்கான பணத்தைப் பள்ளியின் கையிலேயே கொடுக்க வேண்டும்.

ஐந்து: தலைக்கு இவ்வளவு என்று வரம்பு போடாத லினக்ஸ், சாம்பா சர்வர்களைப் பள்ளிகளில் வைத்து, ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பயிற்சி கொடுக்க வேண்டும்.

இந்த ஐந்தும் பெரிய கோரிக்கைகள் அல்ல. கிணத்துக்கடவில் ஒரு பள்ளியில் ஆரம்பிக்கலாம். அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போகும் தாயும் தகப்பனும் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்த மாதம் எத்தனை தரம் இணைப்பு அறுந்தது, எழுதி வைத்திருக்கிறீர்களா?" எழுதி வைக்கவில்லை என்றால், அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் தேதியைப் போட்டுவிட்டு வாருங்கள்.